ஏலகிரி, ஜவ்வாது மலைகளில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்கு

திருப்பத்தூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் நமக்கு வேண்டாம். 2019-இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது மாவட்டத் தலைநகரானதே, அந்தத் திருப்பத்தூர்தான் நம் ஊர். பொன்னேரிக்கும் இதே குழப்பம்தான்: சென்னைக்கு வடக்கே ஒன்று, ஏலகிரி அடிவாரத்தில் ஒன்று. அறை எடுக்கும்போதும் மேப்பில் வழி போடும்போதும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைச்சாலையில் ஓட்டிப் பழக இந்த ஊரை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனால் பாதி வழியிலேயே சைக்கிள்மேல் வெறுப்பு வந்துவிடும். இங்கே ஒரு பக்கம் ஏலகிரி, கிழக்கே ஜவ்வாது மலை, நடுவில் வயலும் தென்னந்தோப்புமாகச் சமவெளி. மலையில் கால் வைப்பதற்கு முன் உடம்பு சூடேற நல்ல தட்டையான சாலை கிடைக்கிறது. ஏலகிரியின் ஏற்றமும் சுமார் 10 கிலோமீட்டர்தான். மலை ஏறினேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ள அது போதும், வெயில் உச்சிக்கு வருவதற்குள் முடித்தும் விடலாம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது “ஏறிட முடியுமா?” என்பதுதான். முடியும். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. கவலைப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு: ஒன்று வெயில், இன்னொன்று இறக்கம். கீழே நான் அதிகம் பேசப்போவதும் அவற்றைப் பற்றித்தான்.

சைக்கிள்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. சின்ன கியர் தேவை. முன்னால் இருக்கும் பல்சக்கரத்தில் சிறியது 34 பல், பின்னால் இருப்பதில் பெரியது 32 அல்லது 34 பல் என்று இருந்தால் இந்த மலைகளுக்குத் தாராளம். 34-க்கு 32 போட்டு நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் வேகம் வரும். புதியவர் ஒருவர் ஏற்றத்தில் மூச்சு முட்டாமல் போகக்கூடிய வேகம் அதுதான். பின்னால் 25, 28 பல்லோடு நின்றுவிடுகிற சைக்கிளில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு ஐம்பது, அறுபது சுற்றுதான் கிடைக்கும். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்படி என்றால் சைக்கிள் கடையில் காட்டி, பெரிய கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) போட முடியுமா என்று கேளுங்கள். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள ஹைப்ரிட் சைக்கிளைப் பார்த்துக் கூட வருபவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஏலகிரிச் சாலையின் ஒன்பதாவது வளைவுக்கு அப்புறம் யாரும் சிரிப்பதில்லை.

டயர் 28 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குக் காற்றடிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் 75 முதல் 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். கல்லாக அடித்த டயர் வளைவில் துள்ளும்.

பஞ்சர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ரோடு சைக்கிள் டியூப்களில் பெரும்பாலும் மெலிந்த பிரெஸ்டா வால்வுதான் இருக்கும். வழியோரப் பஞ்சர் கடைகளில் இருக்கும் கம்ப்ரசர் வாய் அதில் பொருந்தாது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்னங்க, உடைஞ்சிருக்கா?” என்று கேட்பார். விரல்நுனி அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும், அதை வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். அதோடு இரண்டு டியூப், டயர் லீவர், கைப்பம்பு. வீட்டில் ஒருமுறையாவது நீங்களே டியூப் மாற்றிப் பாருங்கள். காட்டுக்குள் நின்றுகொண்டு வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால் அங்கே சிக்னல் இருக்காது.

பிரேக் கட்டைகளைக் கிளம்புவதற்கு முந்தின வாரமே பாருங்கள். அதிலுள்ள கோடு தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

எப்போது, எப்படிப் போவது

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை பெய்து ஓய்ந்து காடு பச்சையாக இருக்கும், காலையில் குளிரும். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம் இருக்கும் என்பதால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். மார்ச் பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்துச் சமவெளி வேலூர் வெயிலுக்குச் சொந்தக்காரன், 40 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். மே மாதம் வெயிலும் அடிக்கும், ஏலகிரிக்குக் கோடை விடுமுறைக் கூட்டமும் வரும். அந்த மாதம் நான் வீட்டில் இருந்துவிடுவேன்.

ரயிலில் வருபவர்களுக்கு ஜோலார்பேட்டை ஜங்ஷன் வசதி. சென்னை, பெங்களூரு, சேலம் என்று மூன்று பக்கத்துத் தடங்களும் அங்கே சேர்கின்றன. திருப்பத்தூர் அங்கிருந்து 10 கிலோமீட்டருக்குள். சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து பிரேக் வேனில் (ரயிலின் சாமான் பெட்டியில்) ஏற்றலாம். வண்டி கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். விளக்கு, தண்ணீர் பாட்டில், பை எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பின் கியர் இருக்கும் பக்கத்தை அட்டையால் சுற்றிக் கட்டுங்கள். நீங்கள் பதிவு செய்கிற வண்டியில் ஜோலார்பேட்டையில் பார்சல் இறக்குவார்களா என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம். கார் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள், அவருக்கு ஒரு வாணியம்பாடி பிரியாணி வாங்கிக் கொடுத்தால் போதும்.

முதல் நாள் ஜலகாம்பாறை

முதல் நாளே மலை ஏற வேண்டாம். திருப்பத்தூரிலிருந்து ஜலகாம்பாறை நீர்வீழ்ச்சிக்குப் போய் வாருங்கள், போகவர 30 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். ஏலகிரி மலையின் மறுபக்கத்தில் அடிவாரத்தை ஒட்டி இருக்கிற இடம் இது. ஊரைத் தாண்டியதும் வயல், தோப்பு, சின்னச் சின்னக் கிராமங்கள். கடைசியில் சாலை மெதுவாக மேலே எழும், கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். அங்கே கியரை முன்கூட்டியே இறக்கிப் பழகுங்கள். பாரம் கூடிய பிறகு, பெடலை அழுத்திக்கொண்டே கியர் மாற்றினால் செயின் கழன்று விழும். பாரம் வருவதற்கு முன்னால், காலை ஒரு நொடி தளர்த்தி மாற்ற வேண்டும். நாளைக்கு மலையில் உதவப்போகிற பாடம் இது ஒன்றுதான்.

மழைக்காலம் முடிந்த கையோடு போனால் அருவியில் நல்ல தண்ணீர் இருக்கும். கோடையில் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு, முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

திரும்பும்போது கிராமங்களில் வேகத்தடைகளைக் கவனியுங்கள். சிலவற்றுக்கு வெள்ளை வண்ணம் இருக்காது. அறுவடைக் காலத்தில் கேழ்வரகும் எள்ளும் சாலையிலேயே காய்ந்துகொண்டிருக்கும், அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள்.

ஏலகிரி

விடியும்போதே கிளம்பிவிடுங்கள். ஜோலார்பேட்டை வழியாகப் பொன்னேரி கூட்டுரோடு வந்து, அங்கே இட்லியோ பொங்கலோ அளவாகச் சாப்பிடுங்கள். பொங்கல் என்றால் பாதி, வயிறு முட்டச் சாப்பிட்டால் மூன்றாவது வளைவில் அது வேலையைக் காட்டும். இரண்டு பாட்டில் தண்ணீர், வாழைப்பழம், கடலைமிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்துவிட்டால் வியர்வைக்கு ஈடாகும்.

அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், மேலே ஊர் ஆயிரம் மீட்டரைத் தாண்டி. ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தை 10 கிலோமீட்டரில் ஏறுகிறோம். நூறு மீட்டர் போனால் ஆறு மீட்டர் மேலே. மணிக்கு 7, 8 கிலோமீட்டரில் போனால் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி நேரம், நின்று நின்று போனால் இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் ஆனால் ஒன்றும் குறைந்துவிடாது.

முதல் இரண்டு கிலோமீட்டரில்தான் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறார்கள். கால் புதிதாக இருக்கும், காற்று சில்லென்று இருக்கும், கூட வருபவர் முன்னால் போவார். விடுங்கள், போகட்டும். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்திலேயே போங்கள். தனியாகப் போனால் ஏதாவது பாட்டை வாய்விட்டு முணுமுணுத்துப் பாருங்கள். வரி நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். களைப்பில் நிற்கும்போது பலகையைப் படித்துக்கொண்டிருக்கலாம். பாரி தன் தேரை முல்லைக்கொடிக்குக் கொடுத்துவிட்டு நடந்தாரே, அது கொடையா, இல்லை அவரும் இந்த மாதிரி ஒரு ஏற்றத்தில் மாட்டிக்கொண்டாரா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வரும்.

வளைவுகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாம் இடப்பக்கம் போகிறவர்கள். இடது பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்வட்டத்தில் இருப்போம், அங்கேதான் சாலை மிகச் செங்குத்து. அந்த வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைத்துவிடுங்கள். பின்னால் வண்டிச் சத்தம் இல்லை என்றால் உள்ளோரத்தை விட்டு ஓரிரு அடி தள்ளிப் போனால் சரிவு சட்டென்று குறையும். வலது பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிவட்டம், அது தட்டையாக இருக்கும். அங்கேதான் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும், தண்ணீர் குடிக்கவும் அதுவே இடம். இப்படி வளைவை வளைவாகப் பிரித்துக்கொண்டால் மலை சின்னதாகிவிடும்.

குரங்குகள் வழி நெடுக உட்கார்ந்திருக்கும். சைக்கிள்காரர்களை அவற்றுக்கு நன்றாகத் தெரியும்: மெதுவாக வருவான், கை இரண்டும் ஹேண்டில்பாரில் இருக்கும், பையில் வாழைப்பழம் இருக்கும். அவை கூட்டமாக இருக்கும் இடத்தில் நின்று சாப்பிடாதீர்கள், பழத்தை முதுகுப் பையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். என்னிடமிருந்து ஒருமுறை போனது வாழைப்பழம் இல்லை, மூக்குக்கண்ணாடி. மீதி வளைவுகளைக் குத்துமதிப்பாகத்தான் ஏறினேன்.

மேலே அத்தனாவூர் வந்ததும் ஏற்றம் முடிந்தது. புங்கனூர் ஏரி, நிலாவூர்ப் பக்கம் சாலை மேடும் பள்ளமுமாகப் போகும். ஒரு சுற்று சுற்றிவிட்டு டீ குடிக்கலாம். பலாவும் கொய்யாவும் விளைகிற ஊர், பருவத்தில் வழியோரமே விற்பார்கள்.

இறக்கம்

ஏறிய பாதையிலேயே இறங்க வேண்டும். பத்து மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகளின் வரத்து அதிகமாகும், அதற்குள் இறங்கிவிட்டால் நல்லது. இறங்குமுன் ஐந்து நிமிடம் சைக்கிளைப் பாருங்கள்: இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா, சக்கரம் இறுக்கமாக இருக்கிறதா, டயரில் ஏதாவது குத்தியிருக்கிறதா. வியர்த்த சட்டையோடு இறங்கினால் குளிரும், ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும்.

நான் முதன்முறை இறங்கியபோது பயத்தில் இரண்டு பிரேக்கையும் மேலிருந்து கீழ்வரை அழுத்தியபடியே வந்தேன். பாதி வழியில் விரல்கள் மரத்துவிட்டன, ரிம்மை, அதாவது சக்கரத்தின் உலோக வளையத்தை, தொட்டால் சுட்டது. அடுத்த வளைவில் பிடித்தபோது பிரேக் அரைகுறையாகத்தான் பிடித்தது. எதிரே வந்த பஸ் ஓட்டுநர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தியதால் பிழைத்தேன். தப்பு முழுக்க என்னுடையது. ரிம்மைக் கவ்விப் பிடிக்கிற ரிம் பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்தால் அந்தச் சூடெல்லாம் ரிம்முக்குள் போகும், கடைசியில் டியூப் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. நேரான பகுதியில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள்: நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, மறுபடி அழுத்தி. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் சைக்கிள் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். கைகள் ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில் இருக்கட்டும், அங்கேதான் விரலுக்குப் பலம் கிடைக்கும். இருக்கையில் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள். வளைவின் வெளிப்பக்கக் கால் கீழே, உள்பக்கக் கால் மேலே. இல்லாவிட்டால் பெடல் தரையைத் தட்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகிற பக்கம் சைக்கிளும் போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள்.

மலைச்சாலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. பஸ் வளைவில் திரும்பச் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே இடது ஓரமாக நின்றுவிடுங்கள். வலது வளைவில் குறுக்கே வெட்டித் திரும்பும் ஆசை வரும், எதிர்ப்பக்கம் தெரியாத இடத்தில் அந்த ஆசை வேண்டாம். வளைவுகளின் ஓரத்தில் மணலும் பொடிக்கல்லும் ஒதுங்கிக் கிடக்கும், மழைக்குப் பிறகு ஈர இலையும் சேர்ந்துகொள்ளும். விரல் வலித்தால், ரிம் சுட்டால், அகலமான இடம் பார்த்து நின்று ஆறவிடுங்கள். நான் இப்போதும் இரண்டு இடத்தில் நிற்கிறேன், வயதைக் காரணம் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த முறை காவலூர்

ஏலகிரி பழகிவிட்டதா, சரி, ஜவ்வாது மலைக்குப் போகலாம். திருப்பத்தூரிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர் போய்த் திரும்ப சுமார் 70 கிலோமீட்டர் ஆகும். காவலூர் 725 மீட்டர் உயரம்தான், ஏற்றம் ஏலகிரியில் பாதிதான் இருக்கும். ஆனால் தூரம் அதிகம், கடைகள் குறைவு, காட்டுக்குள் செல்போன் சிக்னல் வந்து வந்து போகும். தனியாகப் போகாதீர்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று லாட்ஜிலோ வீட்டிலோ சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவசரத்துக்கு 108 இருக்கிறது, சிக்னல் கிடைக்கும் இடம் எது என்று போகும்போதே மனதில் குறித்துக்கொண்டால் அழைக்க உதவும். ஆலங்காயத்தில் பாட்டில்களை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கிடைத்தால் லாபம்.

ஆலங்காயம் தாண்டியதும் காடு சாலையின் இரண்டு பக்கமும் நெருங்கி வரும். சந்தன மரத்துக்குப் பேர்போன மலை இது. வண்டி நடமாட்டம் ஏலகிரியைவிட மிகவும் குறைவு, செயின் சுற்றுகிற சத்தத்தைத் தெளிவாகக் கேட்கலாம். செயின் கிறீச்சிட்டால் எண்ணெய் போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதும் அப்போது தெரியும். தார்ச்சாலையை விட்டுக் காட்டுப்பாதைக்குள் இறங்காதீர்கள், அதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். கரடி உலாவுகிற காடு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, இங்கேயிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அதைப் பதிவு செய்தார்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை 1986-இல் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். நேரத்தை முன்பே விசாரித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி நாளைத் திட்டமிடுங்கள். ஒரு சிக்கல், மாலையில் வானத்தைப் பார்த்துவிட்டு இருட்டில் காட்டுச்சாலையில் சைக்கிளில் இறங்க முடியாது, கூடவும் கூடாது. இரவு பார்க்க ஆசை என்றால் அன்றைக்குக் காரில் வாருங்கள்.

காவலூரிலேயே திரும்பிவிடலாம். கால் கேட்டால் இன்னும் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி ஜமுனாமரத்தூர் இருக்கிறது. சாலை ஏறியும் இறங்கியும் போகும், ஏலகிரி மாதிரி ஒரே ஏற்றம் இல்லை. ஆனால் திரும்பி வருவதையும் சேர்த்தால் ஒரே நாளில் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். புதியவர்கள் அங்கே ஓர் இரவு தங்குவதாக வைத்துக்கொண்டு போவதே நல்லது. இந்த மலையில் வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைக் கேட்டுவிட்டுக் கேரளாவா என்று கேட்காதீர்கள், மலையை ஆள்பவர்கள் என்று அவர்களே பொருள் சொல்வார்கள். சாமை, தேன், புளி, சீத்தாப்பழம் எல்லாம் இங்கே விளைகிறவை. வாங்குவதானால் இறங்கும்போது வாங்குங்கள். ஏறும் வழியில் இரண்டு கிலோ சாமை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மீதி தூரத்தை ஓட்டிய ஒரு நண்பர், அதற்குப் பிறகு என்னிடம் வழி கேட்பதையே நிறுத்திவிட்டார்.